வாடகை அரங்கில் விருந்தினர் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி

எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்காக ஒரு தனியார் அரங்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட்டேன். அன்று மாலை, உறுப்பினர் ஒருவருடன் விருந்தினராக வந்திருந்த 67 வயது அம்மையார், அரங்கிலிருந்து கழிவறைக்குச் செல்லும், மெருகேற்றிய கருங்கல் பதித்த நடைபாதையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அந்த நடைபாதையின் ஓரத்தில் கேட்டரிங் குழுவினர் குடிநீர் மேசை போட்டிருந்தார்கள். தண்ணீர் கேனின் குழாய் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் தொண்டர் ஒருவர் அதைப் பார்த்து, அரங்க ஊழியரிடம் சொல்லிவிட்டு, ஈரத்தின் மேல் இரண்டு நாளிதழ்த் தாள்களை விரித்துவிட்டு வந்தாராம். ஊழியர் துடைக்க வரவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து விபத்து நடந்தது.

இப்போது அம்மையாரின் குடும்பத்தார் அரங்க நிர்வாகத்துக்கும் எனக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். "அரங்க வளாகத்தில் யாருக்கு நேரும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல, வாடகைக்கு எடுத்தவரே முழுப் பொறுப்பு" என்ற 14-ஆம் நிபந்தனையை நிர்வாகம் எடுத்துக் காட்டுகிறது. அம்மையாரின் செருப்பு தேய்ந்திருந்தது, அவருக்கு எலும்புத் தேய்மானமும் உண்டு என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அவரைப் போய்ப் பார்த்தாலோ மருத்துவச் செலவுக்குப் பணம் கொடுத்தாலோ குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சங்கத்தில் சிலர் தடுக்கிறார்கள். என் சொந்தச் சொத்துக்கு ஆபத்து உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?

வழக்கறிஞரின் பதில்

நீங்கள் அதிகம் அஞ்சுவது 14-ஆம் நிபந்தனையைக் கண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தவை அந்த இரண்டு நாளிதழ்த் தாள்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது விளங்கிவிட்டால் உங்கள் மற்றக் கேள்விகளில் பாதிக்கு மேல் தாமாகவே தெளிவாகிவிடும்.

சம்பவம் எந்த நாட்டில் நடந்தது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இழப்பீட்டுச் சட்டத்தின் விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபு வேரூன்றிய இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இத்தகைய வழக்குகளை அணுகும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். வேறு மரபைச் சேர்ந்த ஜெர்மனியின் நீதிமன்றங்கள்கூட, தங்கள் சிவில் சட்டத்தொகுப்பின் 823-ஆம் பிரிவிலிருந்து, பிறர் வந்துபோகும்படி ஓர் இடத்தைத் திறந்துவிட்டவர் அதன் பாதுகாப்பையும் கவனித்தாக வேண்டும் என்ற கடமையை வளர்த்தெடுத்திருக்கின்றன. ஆகவே பொதுவான கோட்பாடுகளை இங்கே எழுதுகிறேன். அவற்றை உங்கள் ஊர்ச் சட்டத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டியது நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞரின் வேலை.

முதலில் கேட்கப்படும் கேள்வி, அந்த இடம் யாருடைய சொத்து என்பதன்று. விபத்து நடந்த நேரத்தில் அந்தத் தரை யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதே. ஒரே இடம் ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேற்பட்டோரின் கட்டுப்பாட்டில் இருக்கலாம் என்பதை 1966-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை ஒரு வழக்கில் தெளிவாக்கியது. மதுவிடுதி ஒன்றின் மாடியில் பணம் கொடுத்துத் தங்கியிருந்த விருந்தினர், இரவில் படிக்கட்டில் இறங்கும்போது விழுந்து இறந்துபோனார். படிக்கட்டின் கைப்பிடி கடைசிப் படி வரை நீளவில்லை. மேலே எரிய வேண்டிய பல்பை யாரோ கழற்றியிருந்தார்கள். கட்டடம் மதுபான நிறுவனத்துக்குச் சொந்தம். மாடியில் குடியிருந்து அறைகளைத் தங்க விட்டது அந்த நிறுவனத்தின் மேலாளர். இருவருமே அந்த இடத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள்தாம், விருந்தினருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கவனக் கடமை இருவருக்குமே உண்டு, ஆனால் கடமையின் அளவு அவரவர் கட்டுப்பாட்டின் அளவைப் பொறுத்தது என்று அவை சொன்னது. இறுதியில் இருவரும் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றே தீர்ப்பாயிற்று. வெளிச்சம் இருந்தால் அந்தக் கைப்பிடி ஆபத்தானதல்ல. பல்பை முன்பின் தெரியாத ஒருவர் கழற்றியதற்கு அவர்கள் பதில் சொல்ல முடியாது. கடமை இருப்பது வேறு, அதை மீறியது வேறு என்பதற்காகவும் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிகழ்ச்சிக்கு இதைப் பொருத்தினால் குறைந்தது மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். கட்டடம், தரை, விளக்கு, கழிவறை, துப்புரவு ஊழியர்கள் ஆகிய எல்லாம் அன்றும் அரங்க நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. ஒரு நாள் வாடகைக்கு எடுத்தவர், கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தவரைப் போல அதன் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வதில்லை. நிகழ்ச்சியின் ஏற்பாடு, வந்தவர்களை வழிநடத்தியது, எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது ஆகியவை உங்கள் சங்கத்தின் கையில் இருந்தன. சொட்டும் குழாயும் மேசையும் கேட்டரிங் குழுவினருடையவை. இங்கே உங்கள் கடிதம் சொல்லாமல் விட்ட இரண்டு விவரங்கள் முக்கியமானவை. கேட்டரிங் குழுவை நீங்களே தேடி அமர்த்தினீர்களா, அல்லது தாங்கள் அனுமதித்தவர்களைத்தான் அமர்த்த வேண்டும் என்று அரங்கமே கட்டாயப்படுத்தியதா? குடிநீர் மேசையை நடைபாதையில் போடச் சொன்னவர் யார்? மின் இணைப்பு அங்கேதான் இருக்கிறது என்று அரங்க ஊழியர் காட்டிய இடத்தில் மேசை போடப்பட்டிருந்தால் ஒரு கதை. உங்கள் தொண்டர்கள் அரங்கினுள் இடம் போதவில்லை என்று வெளியே தள்ளியிருந்தால் வேறு கதை.

அடுத்து, கடமையின் அளவு. அரங்கத்தாரோ நீங்களோ விருந்தினருக்குக் காப்பீட்டு நிறுவனம் போன்றவர்கள் அல்லர். விழுந்தார், காயம்பட்டார் என்பது மட்டும் யாரையும் பொறுப்பாளி ஆக்காது. ஆபத்து அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் தெரிந்திருக்குமா, தெரிந்த பின் அதைச் சரிசெய்யப் போதிய நேரம் இருந்ததா என்பவையே சோதனை. வழுக்கி விழும் வழக்குகள் பெரும்பாலும் இந்த 'எவ்வளவு நேரமாக' என்ற கேள்வியிலேயே வெல்கின்றன அல்லது தோற்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் பத்தாண்டு இடைவெளியில் வந்த இரண்டு ரயில் நிலைய வழக்குகளைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இரண்டிலும் பயணி மிதித்தது வாழைப்பழத் தோல். 1901-இல் வந்த வழக்கில், அந்தத் தோலை ஒரு நிமிடம் முன்பு வேறொரு பயணியே போட்டிருக்கலாம் என்பதால் வாதி தோற்றார். 1911-இல் வந்த வழக்கில், தோல் கறுத்து, காய்ந்து, மிதிபட்டு, மண் ஒட்டிக் கிடந்ததைச் சாட்சிகள் சொன்னார்கள். அப்படியானால் அது வெகுநேரம் அங்கேயே கிடந்திருக்க வேண்டும், ஊழியர்கள் அதைப் பார்த்து அகற்றியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது, வாதி வென்றார். தோலின் நிறம் வழக்கைத் தீர்த்தது என்றே சொல்லலாம்.

பிற்காலத் தீர்ப்புகள் சில நாடுகளில் வாதியின் சுமையை இன்னும் குறைத்திருக்கின்றன. 1976-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், பேரங்காடி ஒன்றில் தரையில் சிந்திய தயிரில் ஒரு பெண்மணி வழுக்கி விழுந்தார். தயிர் எப்போது சிந்தியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கடையில் வாரத்துக்குச் சுமார் பத்து முறை ஏதாவது சிந்துவது வழக்கம் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அதோடு, விபத்துக்குச் சுமார் மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனவர், பழச்சாறு சிந்திக் கிடந்ததைக் கண்டு கால் மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். துடைக்க ஒருவரும் வரவில்லை. சிந்தியதை உடனுக்குடன் அகற்றும் முறையான ஏற்பாடு தங்களிடம் இருந்தது என்று காட்ட வேண்டிய சுமை கடைக்காரரைச் சேர்ந்தது, அதை அவர் காட்டவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எல்லா நாடுகளும் இவ்வளவு தூரம் போவதில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1986-இல், அருங்காட்சியகப் படிகளில் கிடந்த மெழுகுத் தாளில் வழுக்கியவர், அது வெகுநேரம் அங்கே கிடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லாததால் தோற்றுப்போனார்.

இப்போது உங்கள் நாளிதழ்த் தாள்களுக்கு வருகிறேன். தண்ணீர் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்று வாதி தரப்பு வழக்கமாகப் பாடுபட்டு மெய்ப்பிக்க வேண்டியதை உங்கள் தொண்டர் தம் கையாலேயே மெய்ப்பித்துவிட்டார். விபத்துக்கு இருபது நிமிடம் முன்பே சங்கத்துக்கு ஆபத்து தெரியும் என்பதற்கு அந்தத் தாள்கள் சாட்சி. அவர் செய்தது நல்லெண்ணத்தில்தான்; ஆனால் வழவழப்பான கருங்கல் தரையில் நனைந்த நாளிதழ் காலடியில் நகர்ந்து வழுக்கக்கூடியது, ஈரத்தையும் கண்ணுக்கு மறைத்துவிடும். அம்மையார் விழுந்தது தண்ணீரிலா, தாளிலா என்பது விசாரணையில் நிச்சயம் கேட்கப்படும். தாள் சறுக்கியிருந்தால், கேட்டரிங் குழுவினர் உண்டாக்கிய ஆபத்தோடு உங்கள் தரப்பு ஒன்றைச் சேர்த்ததாக வாதிட இடம் கிடைக்கிறது. அந்த இருபது நிமிடத்துக்கு ஒருவரை அங்கே நிறுத்தி வைத்திருந்தாலோ, ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வழியை மறித்திருந்தாலோ, மேசையை நகர்த்தி குழாயை அடைத்திருந்தாலோ உங்கள் நிலை வெகுவாக மாறியிருக்கும்.

அதே சாட்சியத்தில் உங்களுக்குச் சாதகமான பாதியும் உண்டு. தொண்டர் அரங்க ஊழியரிடம் சொன்னார். அந்தக் கணத்திலிருந்து அரங்க நிர்வாகமும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது; துடைப்பானும் துடைக்கும் ஆளும் அவர்களிடமே இருந்தன. எந்த ஊழியரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொற்களில் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார், அருகில் யார் இருந்தார்கள் என்பதைத் தொண்டரிடம் இன்றே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதுவது நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். நாளிதழ் விரித்ததை விட்டுவிட்டு எழுதச் சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவரும்போது ஊழியரிடம் சொன்னதையும் நீதிமன்றம் நம்பாமல் போகும்.

'தவறு கேட்டரிங் ஒப்பந்ததாரருடையது, எங்களுக்கு அதில் தொடர்பில்லை' என்று நீங்களும் அரங்கத்தாரும் சொல்ல விரும்புவீர்கள். சுயேச்சையான ஒப்பந்ததாரரின் பிழைக்கு அவரை அமர்த்தியவர் பொதுவாகப் பொறுப்பல்லர் என்பது உண்மையே. மின்தூக்கியைப் பழுதுபார்ப்பது போன்ற நுட்பமான வேலையைத் தேர்ந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தவர் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? தரையைச் சுத்தமாக வைப்பதில் அப்படிப்பட்ட நுட்பம் எதுவும் இல்லை. 1940-களில், பனி உறைந்த பள்ளிப் படியில் மாணவர் ஒருவர் வழுக்கி விழுந்த வழக்கில், படியைச் சுத்தம் செய்வது யாரும் பார்த்து அறியக்கூடிய எளிய வேலை, அதை இன்னொருவரிடம் விட்டுவிட்டோம் என்பது பதிலாகாது என்ற பொருளில் இங்கிலாந்து நீதிமன்றம் கூறியது. சொட்டும் குழாயும் அந்த வகைதான்.

ஒப்பந்ததாரரை அமர்த்தும்போது அவரிடம் காப்பீடு உள்ளதா என்று விசாரிப்பதும் அமர்த்துபவரின் கவனத்தில் சேரும் என்று சொன்ன தீர்ப்பும் உண்டு. 2002-இல் வந்த அந்த வழக்கில், மருத்துவமனை ஒன்று நிதி திரட்டும் விழா நடத்தியது. வெளியாள் ஒருவர் கொண்டுவந்து வைத்த விளையாட்டுக் கருவியில் 63 வயதுப் பெண்மணி ஒருவர் காயமடைந்தார். கருவிக்காரரின் காப்பீடு நான்கு நாள் முன்பே காலாவதியாகியிருந்தது. காப்பீடு உண்டா என்று மருத்துவமனை கேட்டறிந்ததே போதும், பத்திரத்தை வாங்கி வரிக்கு வரி படிக்கத் தேவையில்லை என்று அது தப்பித்தது. உங்கள் கேட்டரிங் ஒப்பந்ததாரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இப்போதாவது கேளுங்கள். அவரிடம் மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு இருந்தால், இந்த வழக்கில் உண்மையில் பணம் தரக்கூடியவர் அவராக இருக்கலாம்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பாக மெருகேற்றிய கல் உலர்ந்திருக்கும்போது பிடிப்பாகவே இருக்கும். மெல்லிய நீர்ப்படலம் படிந்தவுடன் பிடிப்பு சரிந்துவிடும். இதை அளக்க, ரப்பர் பட்டை பொருத்திய ஊசலைத் தரையில் உரசிச் செல்ல விடும் ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. பிரிட்டனில் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, ஈரமான நிலையில் 36-ம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு. 25 முதல் 35 வரை நடுத்தரம். 24-ம் அதற்குக் கீழும் வந்தால் அதிகம். கழிவறைக்குப் போகும் நடைபாதையில் ஈரக் கால்கள் நடந்துகொண்டே இருக்கும் என்பது கட்டும்போதே தெரிந்த விஷயம். அங்கே ஈரத்தில் வழுக்கும் கல்லைப் பதித்துவிட்டு, மிதியடி விரிப்பும் போடாமல் வாடகைக்கு விட்டிருந்தால், அது அன்று மாலை சொட்டிய தண்ணீருக்கு முன்பே இருந்த குறை. அதில் உங்களுக்குப் பங்கில்லை. இதே இடத்தில் முன்பு யாராவது விழுந்திருக்கிறார்களா என்பதை உங்கள் வழக்கறிஞர் அரங்கத்தாரிடம் எழுத்தில் கேட்கட்டும்.

இனி 14-ஆம் நிபந்தனை. அதில் இரண்டு வேறு வாக்கியங்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும். 'யாருக்கு நேரும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற முதல் பாதி, அம்மையாருக்கு எதிராக நிற்பது கடினம். அவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அதைப் பார்த்ததும் இல்லை. நீங்களும் அரங்கத்தாரும் உங்களுக்குள் எழுதிக்கொண்ட தாள் மூன்றாமவரின் உரிமையைப் பறிக்காது. அவரே கையெழுத்திட்டிருந்தாலும் பல நாடுகளில் அது செல்லாது. வணிகம் நடத்துபவர் தம் கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை நிபந்தனை எழுதியோ அறிவிப்புப் பலகை மாட்டியோ விலக்கிக்கொள்ள முடியாது என்று இங்கிலாந்தின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூரும் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் கொடுத்துச் சேவை பெற்றவரின் இசைவோடு அச்சேவையைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே கருதுவதால், வாடகை கொடுக்காத விருந்தினரும் அரங்கத்தாரை நேரடியாகக் கேள்வி கேட்க வழியிருக்கிறது.

'வாடகைக்கு எடுத்தவரே முழுப் பொறுப்பு' என்ற இரண்டாம் பாதிதான் உங்களைக் கடிக்கக்கூடியது. அம்மையாருக்கு அரங்கத்தார் பணம் கொடுக்க நேர்ந்தால், அதை உங்களிடமிருந்து திரும்பப் பெற அவர்கள் இதைப் பயன்படுத்தப் பார்ப்பார்கள். ஒருவரின் இழப்பை இன்னொருவர் ஈடுசெய்வதாக ஏற்கும் இத்தகைய ஈட்டுறுதி வாசகங்களை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே படிக்கின்றன. ஒருவர் தம் சொந்தக் கவனக்குறைவின் விளைவை இன்னொருவர் தலையில் சுமத்த வேண்டுமானால் அதை ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருக்க வேண்டும் என்பது, 1952-இல், லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஒரு கனடா வழக்கில் வகுத்த நெறிகளிலிருந்து வளர்ந்த அணுகுமுறை. பிற்காலத்தில் அதன் கடுமை சற்றுத் தளர்ந்திருந்தாலும் நோக்கம் மாறவில்லை. உங்கள் நிபந்தனையில் 'நிர்வாகத்தின் கவனக்குறைவு உட்பட' என்ற சொற்கள் இல்லை. ஆகவே ஊழியர் துடைக்க வராததற்கும் கல்லின் வழுக்கலுக்கும் உரிய பங்கை உங்கள் மேல் ஏற்றுவதற்கு அது போதாது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. உங்கள் சங்கத்தின் சொந்தப் பங்கை நீங்கள் தர வேண்டும் என்பதற்கு அந்த நிபந்தனையே தேவையில்லை.

அந்தப் பங்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல நாடுகளில், ஒரே காயத்துக்குப் பலர் பொறுப்பாகும்போது காயமடைந்தவர் முழுத் தொகையையும் அவர்களில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம். கொடுத்தவர் பிறகு மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டரிங்காரர் கையில் காசில்லை, அரங்கத்தார் வழக்கை இழுத்தடிக்கிறார்கள் என்றால், எளிதில் கிடைப்பவர் நீங்களாக இருப்பீர்கள். நோட்டீஸ் உங்களுக்கும் அரங்கத்துக்கும் மட்டும் வந்திருக்கிறது. வழக்கு வரும்போது கேட்டரிங் ஒப்பந்ததாரரையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோருவதை உங்கள் வழக்கறிஞர் யோசிக்க வேண்டும்.

தேய்ந்த செருப்பையும் எலும்புத் தேய்மானத்தையும் அரங்கத்தார் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்; சட்டம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. செருப்பு, விழுந்தவரின் சொந்தக் கவனம் சம்பந்தப்பட்டது. ஒரு காலத்தில் வாதியிடம் சிறிது கவனக்குறைவு இருந்தாலே வழக்கு தோற்றுப்போகும். இங்கிலாந்தில் 1945-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைத்தால் போதும் என்றாக்கியது. இன்று பெரும்பாலான நாடுகளில் இதுவே நடைமுறை. அமெரிக்காவின் மிகச் சில மாநிலங்களில் பழைய விதி இன்னும் இருக்கிறது. செருப்பு உண்மையில் தேய்ந்திருந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டால் தொகையில் ஒரு பகுதி கழியலாம். நிகழ்ச்சிக்கு வரும் முதியவர் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்க்க மாட்டார். எனவே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எலும்புத் தேய்மானம் அப்படியல்ல. காயப்பட்டவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும், வலுவான எலும்புள்ளவருக்கு வெறும் வீக்கத்தோடு போயிருக்கும் என்பது விடையாகாது என்பது நெடுங்காலமாக நிலைத்த கோட்பாடு. அவர் முன்பே எவ்வளவு நடமாட்டத்தோடு இருந்தார் என்பது தொகையைக் கணக்கிடும்போது பார்க்கப்படலாம். பொறுப்பை அது நீக்காது. நோட்டீசுக்கு நீங்கள் அனுப்பும் பதிலில் இந்த வாதத்தை எடுத்து ஆளாமல் இருப்பதே நல்லது. அது உங்களுக்கு எதையும் பெற்றுத் தராது. அந்தக் குடும்பத்தைப் புண்படுத்துவது மட்டும் நிச்சயம்.

அம்மையாரைப் போய்ப் பாருங்கள். நலம் விசாரிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. மன்னிப்புக் கேட்பதோ சிகிச்சைக்கு உதவ முன்வருவதோ அதனால் மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது என்று இங்கிலாந்தில் 2006-இல் சட்டமே இயற்றினார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமும் அதே ஆண்டில் மன்னிப்புக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. எல்லா நாடுகளிலும் இப்படி எழுதப்பட்ட பாதுகாப்பு கிடையாது. அதனால் சொற்களில் கவனம் வேண்டும். 'உங்களுக்கு இப்படி நேர்ந்ததற்கு வருந்துகிறோம்' என்பது வேறு, 'எங்கள் ஆள் பேப்பரை விரித்ததால்தான் நீங்கள் விழுந்தீர்கள்' என்பது வேறு. பணம் கொடுப்பதாக இருந்தால், பொறுப்பு யாருடையது என்ற கேள்வியைப் பாதிக்காமல் உதவியாகத் தரப்படுகிறது என்றும், பின்னர் இழப்பீடு தீர்மானிக்கப்பட்டால் அதில் இந்தத் தொகை கழித்துக்கொள்ளப்படும் என்றும் எழுதி, வங்கி வழியாகக் கொடுங்கள். உங்களுக்குக் காப்பீடு இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் பணம் தருவதையும் பொறுப்பை ஏற்பதையும் அந்தப் பத்திரங்கள் பெரும்பாலும் தடை செய்கின்றன. மீறினால் அவர்கள் கைவிட்டுவிட இடம் உண்டு. சங்கம் நிகழ்ச்சிக்கென்று காப்பீடு எடுத்திருந்ததா, பெரிய அமைப்பு ஒன்றின் கிளையாக இருந்தால் தாய் அமைப்பின் பத்திரம் உங்களையும் உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் நோட்டீஸ் வந்த செய்தியை எழுத்தில் உடனே தெரிவியுங்கள். தாமதமும் அவர்களுக்கு ஒரு சாக்கு.

சாட்சியங்களில் முதலில் அழியக்கூடியது கண்காணிப்புக் கேமராப் பதிவு. பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும்படி அமைத்திருப்பார்கள். சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது போய்விடும். நடைபாதைப் பக்கம் கேமரா இருந்ததா என்று தெரியாவிட்டாலும், விபத்து நடந்த நாளின் பதிவு முழுவதையும் அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி அரங்கத்தாருக்கு இன்றே எழுதி, கடிதம் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைத்த பிறகும் பதிவு காணாமல் போனால் அதன் விளைவை அவர்கள் சந்திக்க வேண்டியிருக்கும். அன்று உறுப்பினர்கள் கைபேசியில் எடுத்த படங்களில், பின்னணியில் அந்த மேசையோ ஈரமோ தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். படத்தைத் திருத்தாமல், எடுத்த நேரம் அழியாதபடி மூலக் கோப்பாகவே வாங்குங்கள். ஈரத் தரை என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை வைக்கப்பட்டிருந்ததாக அரங்கத்தார் பின்னால் சொல்லக்கூடும். படம் அதற்குப் பதில் சொல்லும். பலகை இருந்திருந்தாலும், கழிவறைக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் அது ஒருவரைப் பாதுகாப்பாக வைக்கப் போதுமானதா என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

காலவரம்பைப் பொறுத்தவரை, உடற்காயத்துக்கான வழக்கை இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கலிபோர்னியாவிலும் இலங்கையிலும் 2 ஆண்டுகள். மலேசியாவில் 6 ஆண்டுகள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுகள். நோட்டீசுக்குப் பிறகு சில மாதம் அமைதியாக இருந்தால் விவகாரம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் சொந்தச் சொத்தைப் பற்றிய கேள்விக்கு விடை, சங்கம் பதிவு செய்யப்பட்டதா என்பதில் இருக்கிறது. பதிவு பெற்று, சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக நிற்கும் அமைப்பாக இருந்து, நீங்கள் 'சங்கத்துக்காக, செயலாளர்' என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட்டிருந்தால், ஒப்பந்தத்தின் கடன்கள் சங்கத்தின் நிதியைத்தான் முதலில் தேடிப் போகும். பதிவில்லாத சங்கத்துக்குச் சட்டத்தில் தனி உருவம் கிடையாது. அப்போது கையெழுத்திட்டவரும் நிகழ்ச்சியை நடத்திய குழுவினருமே நேரில் பொறுப்பேற்க வேண்டிவரும். கவனக்குறைவைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. பதிவு பெற்ற சங்கமானாலும், ஒருவர் தாமே செய்த கவனக்குறைவான செயலுக்கு அவரும் பொறுப்பிலிருந்து தப்புவதில்லை. நீங்கள் அந்த ஈரத்தைப் பார்க்கவில்லை, உங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை என்றால் அது உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் நல்ல தற்காப்பு; தொண்டருக்கு அது கிடையாது. ஆகவே சங்கத்தின் நலனும் உங்கள் நலனும் அந்தத் தொண்டரின் நலனும் ஒரு கட்டத்தில் பிரியக்கூடும். மூவருக்கும் ஒரே வழக்கறிஞர் போதுமா என்று தொடக்கத்திலேயே அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

நோட்டீசில் கொடுத்திருக்கும் கெடு முடிவதற்குள் பதில் போயாக வேண்டும். விவரம் திரட்ட நேரம் போதாவிட்டால், நோட்டீஸ் கிடைத்தது, உண்மைகளை விசாரித்து வருகிறோம், இன்ன தேதிக்குள் முழுப் பதில் தருகிறோம் என்று பொறுப்பை ஏற்காமலும் மறுக்காமலும் ஒரு சுருக்கமான கடிதம் அனுப்பலாம். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அரங்க ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், கேட்டரிங் குழுவோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் வாட்ஸ்அப் செய்திகளும், வாடகை ரசீதும், தொண்டரின் எழுத்து வாக்குமூலமும், சங்கப் பதிவுச் சான்றும் கையில் இருக்கட்டும். அரங்கத்தாரோடு தொலைபேசியில் இனி எதையும் பேசித் தீர்க்க முயல வேண்டாம். நிபந்தனை 14-ஐ ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டால், அதை வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள்.